வெள்ளை நூலின் மிச்சம்

"அந்தத் தொப்பியக் கழத்திரு கிருபை, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

ஞானசௌந்தரி அக்கா என் வார்டு வாசலில் வந்து நின்று இப்படிச் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த மருந்துத் தட்டைக் கீழே போட்டிருப்பேன். உள்ளே ஒரு பிள்ளை மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடுகிற பிள்ளை. அந்த மாதிரிப் பிள்ளைக்கு உடம்புச் சூடு தலை வழியாகத்தான் இறங்கிப் போகும், அதற்குத்தான் தொப்பி. அதைக் கழற்று என்கிறாள், அதுவும் அதைப் பின்னிக் கொடுத்தவளே.

நான் அந்த வார்டு நர்ஸ். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிற வார்டு. கிருபைக்கு வாய் நீளம் என்று டாக்டர்கள் முதல் ஆயா வரைக்கும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாய் இல்லாவிட்டால் அந்த வாசலை ஒரு நாள் காக்க முடியாது. சொந்தபந்தம் எல்லாம் செருப்போடு உள்ளே வந்து பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளும். ஆனால் ஞானக்காவிடம் மட்டும் அதுவரை நான் குரல் உயர்த்தியது கிடையாது.

அவள் நாசரேத்துக்காரி. போர்டிங்கில் படிக்கும்போது பழகிய பின்னல். இப்போது துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கப்பல் சரக்குக்குக் காகிதம் முடித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு ஊசிகளை எடுத்துவிடுவாள். "எக்கா, கன்டெய்னருக்குக் குளிருதோ?" என்று ஆபீஸ் பையன்கள் கேலி பண்ணுவார்களாம். தூத்துக்குடி வெயிலில் ஒருத்தி கம்பளி நூலும் கையுமாக உட்கார்ந்திருந்தால் கேலி பண்ணாமல் என்ன செய்வார்கள்? அவள் தலை நிமிராது. கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அவள் பின்னுவதெல்லாம் என் வார்டுப் பிள்ளைகளுக்குத்தான். நூல் கடையில் வாங்கியது இல்லை. எங்கள் சபையில் கப்பலுக்குப் போகிற மகனுக்கு மப்ளர் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள், ஊட்டியில் மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பின்னி மிஞ்சியதெல்லாம் ஞானக்காவின் பைக்கு வந்துவிடும். எலுமிச்சம்பழம் அளவு ஒரு பச்சை உருண்டை, அதைவிடச் சின்னதாக ஒரு ஊதா, பாஸ்டருக்குச் சால்வை பின்னிய மண்நிறத்தில் கொஞ்சம். முடிச்சுப் போட்டு இணைக்க மாட்டாள். முடிச்சு பிள்ளையின் தலையில் உறுத்தும் என்று பழைய நூலின் நுனியையும் புது நூலின் நுனியையும் சேர்த்துப் பிடித்து நாலைந்து கண்ணி ஒன்றாகப் பின்னிவிடுவாள். அதனால் ஒவ்வொரு தொப்பியும் ஒவ்வொரு நிறம். பெயர் வைக்காத பிள்ளைகளை நாங்கள் அந்த நிறத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம். மஞ்சளும் ஊதாவும் பால் குடித்தானா, பச்சை இன்னும் அழுகிறாளா, இப்படி.

யாராவது புது நூல்கண்டு கொண்டுவந்து நீட்டினால் தொடமாட்டாள். நீங்கள் பின்னி மிஞ்சியதைத் தாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவாள். ஏன் இந்தக் கிறுக்கு என்று கேட்டால், ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி சொல்லி வாயை அடைத்துவிடுவாள். அவளுக்குத் தன் பிள்ளை என்று ஒன்று கிடையாது. அதனால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிள்ளைபோல அவளுக்கு இருந்தது தங்கை பெர்சிதான். தாய் செத்தபோது பெர்சிக்குப் பால்மணம் மாறவில்லை. ஞானக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். பெர்சி இப்போது பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவள் புருஷன் பிரைட்டனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. வீட்டில் இருக்கிற நாளைவிடக் கடலில் இருக்கிற நாள் அதிகம். பெர்சிக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மூன்றாவது தங்கி ஏழாம் மாதத்தைத் தொட்டபோது சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. இதுவும் போனால் இனி இன்னொன்றை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் லீவில் வந்த பிரைட்டன் ஏதோ ஒரு குளிர்தேசத்துத் துறைமுகத்தில் வாங்கிய வெள்ளைக் கம்பளி நூலைக் கொண்டுவந்து ஞானக்காவின் மடியில் வைத்தான். வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு செட்டு பின்னிவையுங்கள் மைனி என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டான். ஞானக்கா அந்தப் பையைப் பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். பிறகு அதன் பக்கமே போகவில்லை.

எங்கள் பக்கம் பிறக்காத பிள்ளைக்குப் புதிது எதுவும் வாங்க மாட்டோம், தைக்க மாட்டோம். பிறந்த பிறகும் முதலில் உடம்பில் படுவது பழசாக இருக்கவேண்டும். அதுவும் நல்லபடியாக வளர்ந்து வருகிற வேறொரு வீட்டுப் பிள்ளை போட்டதாக இருக்கவேண்டும். இது விசுவாசம் இல்லாத பேச்சு என்று பாஸ்டர் பிரசங்கம் பண்ணுவார். ஆமென் சொல்லிவிட்டு வந்து பக்கத்து வீட்டில் பழைய சட்டை கேட்போம். என் மகன் பிறந்தபோது நானும் கேட்டேன். படித்த நர்ஸ் என்று பேர்!

பெர்சிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஞானக்கா கைவலி என்றாள், கண் மங்குது என்றாள். அதே கையும் கண்ணும் அதே வாரத்தில் என் வார்டுக்குத் தொப்பி பின்னி அனுப்பியது. பெர்சிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டுவிட்டாள்.

"ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் ஓடுத கை, எம்பிள்ளைக்கு மட்டும் ஓடலியா? ஒனக்குப் பிள்ளை இல்லங்கிற வயித்தெரிச்சலா அக்கா?"

ஞானக்கா எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாளாம். பிறகு அவளே என்னிடம் இதைச் சொன்னபோது எனக்குப் பெர்சியை இழுத்து ஒரு அறை விடலாம் போல இருந்தது. ஆனால் பெர்சியை மட்டும் குற்றம் சொல்லி என்ன? உண்மையான காரணத்தை அக்கா அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று பயம்.

கல்யாணமான புதிதில் ஞானக்காவுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. பெர்சி அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்த சிறுமி. அவளுக்கு எதுவும் தெரியப்படுத்தவில்லை. ஆசை தாங்காமல் ஏழாம் மாதத்திலேயே புது நூல் வாங்கி, ரோஸ் நிறத்தில் சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் பின்னி முடித்து மடித்து வைத்திருந்தாள் ஞானக்கா. பெண்பிள்ளைதான் பிறந்தது. அழவே இல்லை. அந்த ரோஸ் செட்டைப் போட்டுத்தான் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் புது நூல் என்று ஒன்றைக் கையால் தொடவில்லை.

பெர்சி வீம்புக்காரி. பீரோ மேல்தட்டிலிருந்த அந்த வெள்ளை நூலை எடுத்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே ஒரு சின்னச் சட்டையைப் பின்னி முடித்தாள். ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. அதைக் கட்டில் கம்பியில் அக்காவின் கண்ணில் படும்படி தொங்கப் போட்டாள். அந்த வாரமே அவளுக்கு இரத்தம் பட்டுவிட்டது.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எத்தனை நாள் தள்ளிப்போட முடியுமோ அத்தனை நாள் பிள்ளைக்கு லாபம் என்று டாக்டரம்மா ஊசி போட்டுப் படுக்கவைத்தார். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போன ஞானக்காவின் கண்ணில் அந்த வெள்ளைச் சட்டை பட்டது. நூல் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். தங்கை அத்தனை நாள் திணறிப் பின்னியது ஒரே இழுப்பில் சரசரவென்று பிரிந்து வந்தது. நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாகக் கட்டி, வெந்நீரில் அலசி, மாடியில் கடல்காற்றுக்குக் காயப்போட்டாள். பின்னிப் பிரித்து நனைத்துக் காயவைத்துவிட்டால் புது நூல் பழசாகிவிடும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

காய்ந்த நூலைத் தொட்டுப் பார்த்தால் மனசு ஆறவில்லை. பழசு என்றால் அதை ஒரு பிள்ளை போட்டிருக்கவேண்டுமே! அப்போதுதான் அந்த யோசனை வந்திருக்கிறது. அதில் ஒரு தொப்பி பின்னி வேறொரு பிள்ளையின் தலையில் கொஞ்ச நாள் இருக்கவைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன?

எப்போதும் தொப்பிகளை என் கையில்தான் தருவாள். அன்றைக்கு என்னைத் தாண்டிப் போய், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சண்முகவடிவின் கையில் ஒரு வெள்ளைத் தொப்பியைக் கொடுத்தாள். சண்முகவடிவு வேம்பார்க்காரி. புருஷனுக்கு உப்பளத்தில் வேலை. அவள் மகன்தான் அப்போது என் வார்டிலேயே நன்றாகத் தேறிக்கொண்டு வந்தவன்; பாலாடைச் சங்கில் கொடுத்த பாலைச் சிந்தாமல் குடிப்பான். நான் தொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒரே வெள்ளை. இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரே நிறத்தில் எதுவும் வந்ததில்லை. ஏது இது என்று கேட்டேன். மிச்சந்தான் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். வெந்நீரில் அலசிக் காயவைத்து அவனுக்குப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை பால் குடிக்கவில்லை. உடம்பு துவண்டது. பத்து மணிக்கெல்லாம் நிறம் மாறி மூச்சு நின்றது. காலைத் தட்டி, மார்பைத் தேய்த்து, ஆக்சிஜன் வைத்து மீட்டோம். திரும்பவும் நின்றது. கிருமித் தொற்று; இந்தப் பிள்ளைகளுக்கு வருவதுதான். ஆனால் வந்தால் சொல்லமுடியாது. இனி மருந்தும் அவனுடைய தெம்பும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே நேரத்தில் வராந்தாவின் மறுகோடியில் பெர்சிக்கு வலி எடுத்துவிட்டது.

பெர்சியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோன பிறகு, ஞானக்கா நேராக என் வார்டு வாசலுக்கு வந்தாள். வெள்ளைத் தொப்பிக்காரனுக்கு முடியவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்போதுதான் அந்தத் தொப்பியைக் கழற்றச் சொன்னாள். ஏன் என்று நான் அதட்டியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரோஸ் செட்டு, பிரைட்டன் கொண்டுவந்த நூல், பிரித்த சட்டை, திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தது எல்லாம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தொற்றுக்கும் தொப்பிக்கும் சம்பந்தம் இல்லை என்று இரண்டு வார்த்தையில் சொல்லி நான் உள்ளே போயிருக்கலாம். முடியவில்லை. எனக்குக் கொதித்தது தொப்பிக்காக இல்லை.

"தொப்பியால ஒண்ணும் வராதுக்கா. அத விடு. வரும்னு நீ நம்புதேல்லா? நம்பிக்கிட்டே அத ஊரான் பிள்ளை தலையில கொண்டு வச்சியே, இது என்ன நியாயம்?"

ஊரான் பிள்ளை என்று பழமொழி சொல்லி என் வாயை அடைத்தவள் அவள். அதை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்று இருந்தது எனக்கு. அந்த நேரத்தில் அடுத்த பெஞ்சில் ஆள் அசைந்தது. சண்முகவடிவு. பீய்ச்சிய பாலை வைத்துக்கொண்டு காலையிலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.

எழுந்து வந்து ஞானக்காவுக்கு நேரே நின்றாள். சின்னப் பெண். இரண்டு நாளாகச் சீவாத தலை. அடித்துவிடுவாளோ என்று நான் இடையில் போய் நின்றேன்.

"எம்பிள்ளையத்தான் வச்சுப் பாத்தியளோ?" என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை. "இத்தனை பிள்ளை கெடக்கும்போது இவன எதுக்குத் தேடுனிய?"

"நல்லா இருக்க பிள்ளைன்னுதான்" என்றாள் ஞானக்கா. "நல்லா வளந்துருவான்னு தோணிச்சி. என்ன மன்னிச்சிரு தாயி. அதக் கழத்தச் சொல்லு."

சண்முகவடிவு கையிலிருந்த பால் கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கழத்தாதீங்க சிஸ்டர். எனக்கும் எம்பிள்ளைக்கும் இதுவரைக்கும் வந்ததெல்லாம் யாராவது போட்டு விட்டதுதான். இது யாரு தலையிலயும் படாததுன்னு மோந்து பாத்ததுமே தெரிஞ்சிட்டு. அவனுக்கு ஒரு புது சாமான் வந்திருக்குன்னு அவுகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்." ஞானக்காவைப் பார்த்தாள். "அவன் நல்லா வந்துருவான்னு ஒங்களுக்குத் தோணிச்சில்லா? அந்த நெனப்ப மட்டும் மாத்தாதீங்க. இன்னைக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

ஞானக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் உள்ளே போய்ப் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்ப வெளியே வந்தபோது சண்முகவடிவு ஞானக்காவின் பையைக் கையில் வைத்திருந்தாள். அதற்குள் பாக்கி வெள்ளை நூல் இருந்தது.

"இது எம்பிள்ளைக்குப் பின்னுனதுல மிஞ்சுனதுதான?" என்றாள். "அப்ப இது இனி புதுசு இல்லல்லா? மிச்ச நூலுதான்? இங்கன உக்காந்து ஒங்க பிள்ளைக்குப் பின்னுங்க."

ஞானக்கா அவளை நம்பமுடியாமல் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்தாள். எத்தனையோ வருஷமாகப் பார்க்காமலே பின்னுகிறவளுக்கு அன்று கண்ணி நழுவிக்கொண்டே இருந்தது. நழுவியதைப் பிடிப்பாள், பிரசவ அறைக் கதவைப் பார்ப்பாள், என் வார்டுக் கதவைப் பார்ப்பாள். சண்முகவடிவு நூலுருண்டையை மடியில் வைத்து இழுக்க இழுக்க விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கதவுக்கு நடுவில் இரண்டு பேர். உள்ளே போகும்போதும் வரும்போதும் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. துறைமுகத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊதினால்கூட ஞானக்கா திடுக்கிட்டாள்.

சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் பெர்சிக்குப் பிறந்துவிட்டது. பெண். பிரசவ அறைக் கதவு திறந்தபோது சத்தமே இல்லை. ஞானக்காவின் கை நின்றது. டாக்டரம்மா துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வார்டை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். எங்களைத் தாண்டும்போது அந்தத் துணிக்குள்ளிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஞானக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே கடைசி வரிசையை முடித்து என்னிடம் நீட்டினாள்.

துவைக்காத எதையும் நான் உள்ளே விடமாட்டேன், அது ஆண்டவரே பின்னியதாக இருந்தாலும் சரி. அன்றைக்கு அலமாரியில் இருந்த பச்சையும் மண்நிறமும் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, வெள்ளையை வெந்நீரில் அலசிக் காயவைத்து மறுநாள் போட்டேன். பக்கத்துப் பெட்டியில் சண்முகவடிவின் மகன். இரண்டு வெள்ளைத் தொப்பி. அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு நான் கழித்த அந்த மாதிரி வாரம் எந்த எதிரிக்கும் வரக்கூடாது. பையனுக்கு மருந்து மெதுவாகப் பிடித்தது. ஒரு நாள் காலையில் பாலாடையை வைத்ததும் நாக்கை நீட்டினான். நான் வாசலுக்கு வந்து சண்முகவடிவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. ஞானக்காதான் அழுதாள்.

பெர்சியை முதல் தடவை சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். ஞானக்கா பின்னால் வந்தாள். பெர்சி தன் மகளைப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பெட்டியைப் பார்த்தாள்.

"ரெண்டும் என் நூலுல்லா? நான் பின்னுன சட்டை எங்க?"

"உருவிட்டேன்" என்றாள் ஞானக்கா.

இப்போது வெடிக்கும் என்று நினைத்தேன். அதற்குள் ஞானக்கா, அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றே, தனக்குப் பிறந்த பெண்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். ரோஸ் சட்டை, ரோஸ் தொப்பி, காலுறை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெர்சியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. சொல்லியிருக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, சொன்னால் உனக்கும் நடந்துருமோன்னு பயந்தேன் ஏளா என்றாள் அக்கா. பெர்சி அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, என்ன பேச்சுப் பேசிட்டேன் அக்கா, என்ன பேச்சுப் பேசிட்டேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வார்டில் சத்தம் கூடாது என்று அன்றைக்கு நான் யாரையும் அதட்டவில்லை.

சண்முகவடிவு மகனை வீட்டுக்கு எடுத்துப்போன நாளில் நல்ல வெயில். தொப்பி வேண்டாம்மா, புழுங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவே இல்லை. வெள்ளைத் தொப்பியோடுதான் வேம்பார் பஸ்ஸில் ஏறினாள். பெர்சியின் மகள் தேற இன்னும் நாளானது. பிரைட்டன் கப்பலிலிருந்து இறங்கி வந்து அவளைக் கையில் வாங்கியபோது அந்தத் தொப்பி அவள் தலைக்கு இறுக்கமாகிவிட்டிருந்தது.

ஞானக்கா இன்றும் மிச்ச நூலில்தான் பின்னுகிறாள். ஆனால் புது நூல்கண்டு கொண்டுவருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. முதலில் அதில் ஒரு சின்னத் தொப்பி பின்னி என் வார்டுக்குக் கொடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான் கொண்டுவந்தவர் கேட்டதைப் பின்னுவாள். போன வாரம்கூட ஒரு நீலத் தொப்பி கொண்டுவந்தாள். நல்லா தேறி வருகிற பிள்ளையாகப் பார்த்துப் போடவா என்று வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. கண்ணாடி வழியாகப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வேண்டாம்ளா" என்றாள். "இருக்கதுலயே முடியாம கெடக்க பிள்ளைக்குப் போடு."